பிசின் மணக்கும் மது: யவனர் சாடிக்குள்ள என்ன இருந்துச்சு?

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு ஒட்டன்சத்திரத்துல உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். முருங்கைக்காயும் தக்காளியும் லாரி லாரியா ஏறுற ஊரு. தெற்குப் பக்கம் திரும்பினா பழனி மலைத்தொடர் சுவரு மாதிரி நிக்குது. அந்தச் சுவருக்கு மேல கொடைக்கானல். இந்த ஊருக்கும் கிரீஸ்ல விக்கிற ஒரு பாட்டில் மதுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்ல. ஆனா அந்த மதுவைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா, நம்ம சங்கப் பாட்டு, புதுச்சேரி பக்கத்துல ஒரு மண்மேடு, பழனி மலையில ஒரு மூங்கில் குழாய்னு வரிசையா வந்து நிக்குது. அந்த வரிசையில ஒரு கேள்வி இருக்கு. அதைக் கடைசியில கேக்குறேன்.

முதல்ல அந்த மது. பேரு ரெட்சினா. கிரேக்க மொழியில 'ரெட்சினி'ன்னா பிசின். பேர்லயே விஷயம் இருக்கு: இது பைன் மரத்துப் பிசின் சேர்த்துப் பண்ற வெள்ளைத் திராட்சை மது.

எப்படிப் பண்றாங்க? அலெப்போ பைன்னு ஒரு மரம். மத்தியதரைக் கடல் ஓரமா நிறைய வளரும். அதோட பட்டையைக் கீறி விட்டா பிசின் வடியும். நம்ம ஊர்ல ரப்பர் மரத்துல பால் எடுக்குற மாதிரியேதான், கீழ ஒரு டப்பாவைக் கட்டி வச்சிடுவாங்க. திராட்சைச் சாறு புளிக்கிற சமயத்துல இந்தப் பிசினைச் சின்னச் சின்னக் கட்டியா அதுக்குள்ள போடுவாங்க. புளிச்சு முடிஞ்சதும் மதுவைத் தெளிவா வடிச்சா, பிசின் கசடோட அடியில நின்னுடும், மணம் மட்டும் மதுவோட வந்துடும். திராட்சையில பெரும்பாலும் சவாத்தியானோங்கிற வகை. ஏதென்ஸைச் சுத்தி இருக்குற அட்டிகா வட்டாரம்தான் இதுக்குப் பேர் போனது.

ஒரு நண்பர் ஏதென்ஸ் போயிட்டு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கொடைக்கானல் பைன் காடுதான். மழை பேஞ்சு ஓஞ்ச பிறகு அங்க நடந்தா ஒரு வாசம் வருமே, அது. கூட இருந்த இன்னொருத்தர் "பெயிண்ட் கடை வாசம்டா இது"ன்னார். ரெண்டு பேர் சொன்னதும் சரி. டர்பன்டைன் எண்ணெயே பைன் பிசின்ல இருந்து காய்ச்சி எடுக்குறதுதான்.

சரி, நல்லா இருக்குற திராட்சைச் சாறுல மரப் பிசினைக் கொண்டுபோய் ஏன் போட்டாங்க?

பாத்திரத்தோட பிரச்சினை

பழைய காலத்துல மது பயணம் போனது மண் சாடியில. ஆம்போரான்னு சொல்வாங்க. நீளக் கழுத்து, ரெண்டு பக்கமும் கைப்பிடி, அடிப்பாகம் கூரா இருக்கும். ரோமானியக் கணக்குல ஒரு ஆம்போரா அளவுங்கிறது சுமார் 26 லிட்டர். நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் 20 லிட்டர். அதைவிடக் கொஞ்சம் பெருசுன்னு வச்சுக்கோங்க.

மண்பானையோட குணம் நமக்கு நல்லாத் தெரியும். கோடையில பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு? பானையோட சுவத்துல நுணுக்கமான துளைகள் இருக்கு. அது வழியா நீர் கசிஞ்சு வெளிய ஆவியாகுது, உள்ள இருக்குறது குளிருது. தண்ணிக்கு இது வரம். மதுவுக்கு இது சாபம். கசிஞ்சா அளவு குறையும். காத்து உள்ள போனா மது புளிச்சுக் காடியாயிடும்.

அதனால சாடியோட உள்பக்கம் பிசின் பூசினாங்க. பைன் பிசினைக் காய்ச்சிக் கெட்டியாக்கினா கறுப்பா ஒரு கீல் வரும். நம்ம ஊர்ல படகு ஓட்டையை அடைக்க குங்கிலியத்தை எண்ணெயோட காய்ச்சிப் பூசுவாங்களே, அந்த வேலைதான். துளை அடைஞ்சுது. கூடவே பிசினோட மணம் மதுக்குள்ள இறங்குச்சு.

'ரெட்சினா இப்படித் தற்செயலாப் பொறந்தது'ன்னு கதையை இங்கயே முடிச்சிடுறவங்க நிறைய. பாதிதான் சரி. வேணும்னே பிசின் சேர்த்ததுக்கும் பழைய ஆதாரம் இருக்கு. ஈரான்ல ஸாக்ரோஸ் மலைப் பக்கம் ஹாஜி ஃபிரூஸ் தெப்பேன்னு ஒரு புதிய கற்கால ஊரு. அங்க கிடைச்ச ஒரு சாடியோட உள்பக்கம் ஒட்டியிருந்த கறையை பேட்ரிக் மெக்கவர்ன் குழு ஆராய்ஞ்சு 1996ல வெளியிட்டாங்க. காலம் கி.மு. 5400க்கும் 5000க்கும் நடுவுல. அந்தக் கறையில திராட்சைக்கான தடயமும் இருந்துச்சு, டெரிபிந்த்னு ஒரு மரத்தோட பிசினும் இருந்துச்சு. பிசின் மதுவைக் கெடாம வச்சிருக்கும்னு அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே.

கி.பி. முதல் நூற்றாண்டுக்கு வந்தா ரோம்ல பிளினியும் கொலுமெல்லாவும் இதைப் பத்தி விரிவா எழுதி வச்சிருக்காங்க. எந்த மரத்துப் பிசின் நல்லது, சாடிக்குப் பூசுற கீல் எப்படிக் காய்ச்சணும், சாறுல எப்ப சேர்க்கணும்னு பக்கம் பக்கமா. அதாவது பூசினதும் உண்டு, கலந்ததும் உண்டு. ரெண்டும் வேற வேற சுவை. காய்ச்சின கீல்ல ஒரு புகை வாசம் இருக்கும். பச்சைப் பிசின்ல இலையும் எலுமிச்சையும் மாதிரி ஒரு வாசம். இன்னைக்கு ரெட்சினாவுல இருக்குறது ரெண்டாவது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு ஜோடி இருக்கு. பதநீர்! பனைமரத்துல பாளையைச் சீவி ஒரு கலயம் கட்டுறாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவலேன்னா கள். மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஏறுற ஆளும் ஒண்ணு. பாத்திரத்தோட உள்பக்கம் என்ன பூசியிருக்குங்கிறதுதான் என்ன பானம்னு முடிவு பண்ணுது. பதநீர் குடிச்சவங்களுக்கு அந்த லேசான சுண்ணாம்புச் சுவை தெரியும். யாரும் அதைக் குறையாச் சொல்றதில்ல. அது இல்லேன்னாதான் "என்ன இது, சரியில்லையே"ம்போம். கிரேக்கர்களுக்குப் பிசின் அப்படி.

நம்ம பக்கத்து ஆதாரம்

இப்ப தமிழ்நாட்டுக்கு வருவோம். புறநானூறு 56ஆம் பாட்டு. நக்கீரர் பாடினது. பாடப்பட்டவன் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். கடைசியில மன்னனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்து கொடுத்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையல் போட்ட பெண்கள் பொன் கிண்ணத்துல ஊத்தித் தர, தினமும் குடிச்சு மகிழ்ச்சியா இருன்னு சொல்றார். நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கலாம். 'தமிழர்கள் ரோமோட வணிகம் பண்ணாங்க' பாடத்துல கட்டாயம் வர்ற பாட்டு.

பாட்டு மட்டும்தானான்னா இல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேடு. 1944ல மார்ட்டிமர் வீலர்ங்கிற ஆங்கிலேயத் தொல்லியலாளர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தப்ப, ஒரு அலமாரியில கிடந்த சாடித் துண்டைப் பார்த்து அசந்துபோனார். மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடி அது. எங்க இருந்து வந்ததுன்னு விசாரிச்சுதான் அரிக்கமேட்டுக்குப் போனார், 1945ல தோண்டினார். அவருக்குப் பிறகு 1947ல இருந்து கசால், 1989ல இருந்து விமலா பெக்லி குழுன்னு அகழாய்வு தொடர்ந்துச்சு. அங்க கிடைச்ச ஆம்போராத் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில்ங்கிற அறிஞர் ஒவ்வொண்ணா எடுத்து எந்த ஊர்ச் சாடின்னு பிரிச்சாங்க. அரிக்கமேடு மட்டும் இல்ல, ராமநாதபுரம் பக்கம் அழகன்குளம், கேரளாவுல பட்டணம்னு பல இடங்கள்ல இந்தச் சாடிகள் கிடைச்சிருக்கு. 2007ல தொடங்கின பட்டணம் அகழாய்வுல ஆயிரக்கணக்குல துண்டுகள். அந்த இடத்தைத்தான் முசிறியோட சேர்த்துப் பார்க்குறாங்க.

வில் பண்ணின கணக்குல எனக்குப் பிடிச்சது இதுதான். அரிக்கமேட்டுச் சாடிகள்ல பெரிய பங்கு கோஸ்ங்கிற கிரேக்கத் தீவோட பாணி. அந்தச் சாடியை மத்த ஊர்க்காரங்களும் பார்த்துச் செஞ்சிருக்காங்க, அது வேற விஷயம். கோஸ் தீவோட மதுவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அதுல கடல் தண்ணி கலப்பாங்க!

நிஜம்தான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுல கேட்டோன்னு ஒரு ரோமானியர் விவசாயத்தைப் பத்தி எழுதின புத்தகத்துல கோஸ் மது செய்முறை இருக்கு. அறுவடைக்கு 70 நாள் முன்னாடி, காத்தடிக்காத நாள்ல, ஆத்துத் தண்ணி வந்து கலக்காத ஆழ்கடல் பக்கம் போய்த் தண்ணி எடுத்து வைக்கச் சொல்றார். தெளிய வச்சு அப்புறம் சாறுல சேர்க்கணும். உப்பும் மதுவைக் கெடாமக் காப்பாத்தும், ஊறுகாய் மாதிரி.

அப்ப பாண்டியன் கிண்ணத்துல இருந்திருக்கக்கூடியது எது? திராட்சை, கொஞ்சம் கடல் உப்பு, சாடிக்குள்ள பூசின கீலோட புகை மணம். இன்னைக்கு ஓட்டல்ல ஒயின் கிளாஸைச் சுத்திச் சுத்தி மோந்து பார்க்குறவங்க அதைக் குடிச்சா முகத்தைச் சுளிப்பாங்க.

அந்தச் சாடி வந்த வழியையும் யோசிங்க. மத்தியதரைக் கடல்ல அலெக்சாண்டிரியா வரைக்கும் கப்பல். அங்க இருந்து நைல் நதியில படகு. அப்புறம் பாலைவனத்துல ஒட்டகம், செங்கடல் துறைமுகமான பெரனிகே வரைக்கும். ஜூலை வாக்குல அங்க இருந்து கிளம்பி, பருவக்காத்தைப் பிடிச்சு அரபிக்கடலைத் தாண்டணும். செங்கடலோட வாயில இருந்து முசிறிக்கு 40 நாள்னு பிளினி கணக்குச் சொல்றார். இத்தனை வெயில், இத்தனை ஆட்டம். கீலும் உப்பும் இல்லாத மது இந்தப் பயணத்தைத் தாங்கியிருக்காது. எது இன்னைக்கு நமக்கு விசித்திரச் சுவையாத் தெரியுதோ, அதனாலதான் அது தமிழ்நாடு வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

இந்தப் பாதையில சாமான் ரெண்டு பக்கமும் போச்சு. பெரனிகே கோவில்ல ஒரு இந்தியச் சாடிக்குள்ள 7.5 கிலோ மிளகு கிடைச்சிருக்கு. செங்கடல் கரையிலேயே குசைர் அல் காதிம்னு இன்னொரு இடம். அங்க ஒரு பானை ஓட்டுல தமிழ் பிராமி எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதை 'பானை உறி'ன்னு அடையாளம் கண்டார். உறின்னா பானையைத் தொங்கவிடுற கயித்து வலை. மன்னன் பேரோ கடவுள் பேரோ இல்ல, பானையோட பேரு! எகிப்து வரைக்கும் போன நம்மாளு எழுதி வச்சது அவரோட பாத்திரத்தைப் பத்தி.

கொஞ்சம் நிதானமா

இங்க நான் ஒரு பிரேக் போடணும். 'புறநானூற்று மன்னன் ரெட்சினா குடிச்சான்'னு ஒரு ரீல்ஸ் போட்டா நல்லா ஓடும். நக்கீரர் குளிர்ச்சி, மணம்னு வேற சொல்லியிருக்கார், பைன் மணமும் மூக்குக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கும். ஆனா அது ஆதாரம் ஆகாது. நல்ல மதுவை எந்தப் புலவரும் அப்படித்தான் சொல்வார். தேறல்ங்கிறது தெளிஞ்ச மதுவுக்குப் பொதுப்பேரு. 'கலம்'ங்கிற சொல்லுக்கு பாத்திரம்னும் பொருள், கப்பல்னும் பொருள். யவனர் நல்ல சாடியில கொண்டுவந்தாங்களா, நல்ல கப்பல்ல கொண்டுவந்தாங்களான்னு ரெண்டு விதமாவும் படிக்கலாம்.

இன்னொண்ணு. எவ்வளவு மது வந்துச்சு? பெரிப்ளஸ்னு முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி-வணிகர் எழுதின கையேடு இருக்கு. முசிறிக்கும் நெல்கிந்தாவுக்கும் என்னென்ன கொண்டுபோகலாம்னு பட்டியல் போடும்போது, மது உண்டு, ஆனா அதிகம் இல்லன்னு எழுதுறார். அதே பட்டியல்ல கோதுமை மாதிரி தானியமும் வருது, அது கப்பல்காரங்க சாப்பிடுறதுக்கு மட்டும், உள்ளூர் வணிகர்கள் அதைத் தொடுறதில்லன்னு. அரிக்கமேட்டுல மதுச்சாடியோட ஆலிவ் எண்ணெய்ச் சாடியும், கரும்னு சொல்ற மீன் குழம்புச் சாடியும் கிடைச்சிருக்கு. நம்ம ஆளுங்க ஆலிவ் எண்ணெய் ஊத்திச் சமைச்சிருக்க வாய்ப்பு கம்மி. துறைமுகத்துல மாசக்கணக்குல தங்கின யவனர்கள் அவங்க ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருக்காங்க. துபாய்ல இருக்குற நம்மாளு ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில அமுக்கிக் கொண்டுபோற மாதிரி. அப்ப அந்த மதுவுல ஒரு பங்கு அவங்களுக்கே. மிச்சம் அரண்மனைக்கு. பொன் கிண்ணம்னு பாட்டு சொல்றதுல இருந்தே அது யாருக்கான பானம்னு புரிஞ்சுக்கலாம்.

மத்தவங்க என்ன குடிச்சாங்க? இப்பதான் ஒட்டன்சத்திரம் உள்ள வருது.

மலைப்பக்கம்

இங்க இருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர்ல பழனி. சங்கப் பாட்டுல அதுக்குப் பொதினின்னு பேரு. ஆவியர் குடியோட ஊரு. மயிலுக்குப் போர்வை குடுத்த பேகன் அந்தக் குடிதான். இந்தப் பக்கம் ஒண்ணும் ஒதுக்குப்புறமா இருந்ததில்ல. பழனிக்குப் பக்கத்துல பொருந்தல்ல புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காக பேராசிரியர் கா. ராஜன் 2009லயும் 2010லயும் தோண்டினப்ப கண்ணாடி மணி செஞ்ச இடமே கிடைச்சுது. அங்க ஒரு ஈமக்குழியில இருந்த நெல்லோட காலம் சுமார் கி.மு. 490ன்னு ஆய்வகம் சொல்லுச்சு. கலையம்புத்தூர்ல ரோமானியத் தங்கக் காசுப் புதையல் கிடைச்சிருக்கு. மேற்குக் கடற்கரையையும் மதுரையையும் இணைக்கிற பாதைகள் இந்த மலையடிவாரத்தை ஒட்டித்தான் போயிருக்கு.

அகநானூறைத் திறந்தா, கடவுள் வாழ்த்துக்கு அடுத்து முதல் பாட்டு மாமூலனாரோடது. அதுல பொதினி வருது. கூடவே பிசினும் வருது! காதலன் ஒரு உறுதி குடுத்திருக்கான்: சாணைக்கல் செய்றவன் பயினை வச்சு ஒட்டின கல்லு மாதிரி நாம பிரிய மாட்டோம்னு. பயின்னா அரக்கு, பிசின். அப்படிச் சொன்னவன் பிரிஞ்சு போயிட்டான், அதுதான் பாட்டோட வலி. நான் இங்க கவனிச்சது, பழனி மலையைச் சொல்ற அந்தப் பாட்டுல பிசினோட வேலை ஒட்டுறது. கிரேக்கத்துல அடைக்கிறது. பைன் மரம் தென்னிந்தியாவுக்கே சொந்தம் கிடையாது. கொடைக்கானல்ல நாம போட்டோ எடுக்குற பைன் காடு வெள்ளைக்காரங்க காலத்துல நட்டது. நம்ம காட்டுப் பிசின்னா குங்கிலியம், அரக்கு. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகள்ல கருங்குங்கிலியத்தை மலை மக்கள் சேகரிப்பாங்க. வீட்டுல புகை போடுறோமே, அந்த மணம்.

அப்ப மலையில மதுவை எதுல வச்சாங்க? மூங்கில்ல. திருமுருகாற்றுப்படையில, குன்றுதோறாடல் பகுதியில, மலைக்குறவர்கள் நீளமான மூங்கில் குழாய்ல தேனை ஊத்தி விளைய வச்ச தேறலைக் குடிச்சு, சின்ன ஊர்ல சொந்தபந்தத்தோட தொண்டகப் பறை அடிச்சுக் குரவை ஆடுறாங்கன்னு வருது. அதே நூல்ல பழனி, அதாவது திருவாவினன்குடி, ஒரு தனிப் பகுதி. மூங்கில் தேறல் மலைபடுகடாம்லயும் வருது, புறநானூறுலயும் வருது. திருமுருகாற்றுப்படையும் நக்கீரர் பேர்லதான் இருக்கு. புறநானூற்று நக்கீரரும் இவரும் ஒருத்தரேதான்னு மரபு சொல்லுது, அறிஞர்கள் பலர் ஒத்துக்கிறதில்ல. யாரா இருந்தாலும் நக்கீரர் பேர்ல ரெண்டு தேறல் நம்ம கையில இருக்கு. ஒண்ணு கடல் தாண்டி வந்தது, மன்னனுக்கு, பொன் கிண்ணத்துல. இன்னொண்ணு மலையிலயே விளைஞ்சது, ஊருக்கே, மூங்கில்ல.

மூங்கில்ல வச்சா மூங்கில் மணம் இறங்காம இருக்குமா? மூங்கில் அரிசிப் புட்டு சாப்பிட்டவங்களைக் கேளுங்க. கிரேக்கச் சாடி பிசினைக் குடுத்த மாதிரி, இந்த மலை மூங்கிலைக் குடுத்திருக்கு.

ஒண்ணு பொழச்சுது

பிசின் மது எப்படிப் பொழச்சுதுன்னு பாருங்க. ரோமானியப் பேரரசோட மேற்குப் பகுதியில, மூணாம் நூற்றாண்டு வாக்குல மரப் பீப்பாய் ஆம்போராவை ஓரங்கட்டிடுச்சு. பீப்பாய்க்குக் கீல் பூச வேண்டிய அவசியம் குறைவு. அதனால அந்தப் பக்கம் பிசின் சுவை மறந்துபோச்சு. கிழக்குல, கிரேக்கம் பேசுற பகுதியில, அவசியம் போன பிறகும் பழக்கம் நின்னுடுச்சு. 968ல இத்தாலியில இருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூதராப் போன லியுட்பிராண்ட்ங்கிற ஆயர், கிரேக்க மதுவுல கீலும் பிசினும் ஜிப்சமும் கலந்திருக்கு, வாயில வைக்க முடியலன்னு எழுதி வச்சார். அந்தப் புலம்பல்தான் இன்னைக்கு நமக்குச் சான்று. ஊர்க்காரங்களுக்கு அது சாதாரணம், அதனால அவங்க எழுதல. வெளியாளுக்குக் குமட்டுச்சு, அதனால எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டுல சுற்றுலா வந்துச்சு. மட்டமான மதுவோட குறையை மறைக்கப் பிசினை அள்ளிப் போட்டு வித்தாங்க. ரெட்சினான்னா மலிவுச் சரக்குன்னு பேராயிடுச்சு. கிரேக்க இளைஞர்களே தொடாத நிலை. அப்புறம் சில தயாரிப்பாளர்கள் நல்ல திராட்சையில, அளவாப் பிசின் போட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. கெக்ரிஸ்ங்கிற நிறுவனத்தோட ஒரு ரெட்சினாவுக்கு 'பைன் மரத்தின் கண்ணீர்'னே பேரு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துல ரெட்சினாங்கிற பேருக்கே பாதுகாப்பு இருக்கு, வேற நாட்டுக்காரங்க அந்தப் பேரை ஒட்ட முடியாது.

ஆனா சட்டம் பேரைத்தான் காப்பாத்தும், மரத்தை இல்ல. 2021 ஆகஸ்ட்ல எவியா தீவோட வடக்குப் பகுதியில பெரிய காட்டுத்தீ. கிரீஸ்ல பிசின் எடுக்குற தொழிலுக்கு அதுதான் மையம். தலைமுறை தலைமுறையா மரம் கீறிப் பிழைச்ச குடும்பங்களோட காடு சில நாள்ல கரியாச்சு. பைன் மறுபடி முளைக்கும். பிசின் எடுக்குற அளவுக்குப் பருக்க பல பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க ஊர்ல இருப்பாங்களா? கைத்தொழில் எந்தப் புத்தகத்துலயும் இல்ல, கையிலதான் இருக்கு. ஆள் போயிட்டா அதுவும் போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம பனையேறிகள் ஞாபகம்தான் வந்துச்சு. நான் ஆரம்பத்துல சொன்ன கேள்வி இதுதான்: நாம எந்தச் சாடியைப் பெருமையாத் தூக்கிக் காட்டுறோம்?

அரிக்கமேட்டு ஆம்போரா நம்ம பாடப்புத்தகத்துல படமா இருக்கு. அது இருக்கணும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தப் படத்தோட அழுத்தம் எங்க இருக்குன்னு பாருங்க. வெளிநாட்டுக்காரன் நம்மகிட்ட வந்தான், அதனால நாம பெரிய ஆளு. அதே பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்குற மூங்கில் தேறலைப் பத்தி எந்தப் பாடமும் பெருமைப்படல. மண்ணுல புதைஞ்ச சாடி ரெண்டாயிரம் வருஷம் உடைஞ்சாவது கிடக்கும். மூங்கில் சில வருஷத்துல மக்கிடும். அகழாய்வுல கிடைக்காது. பாட்டு இல்லேன்னா அப்படி ஒரு பானம் இருந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காது. மன்னனோட மதுவுக்குப் பொருளும் சாட்சி, பாட்டும் சாட்சி. மலைக்காரங்க மதுவுக்குப் பாட்டு மட்டும்தான்.

கள்ளுக்கு வருவோம். தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள் இறக்கத் தடை. கலப்படத்தைக் காரணமாச் சொன்னாங்க. பக்கத்துல கேரளாவுல கள்ளுக்கடை உரிமத்தோட நடக்குது. தடையை எடுக்கணும்னு விவசாயிகள் தரப்புல போராட்டம் நடந்துட்டே இருக்கு. குடியால அழிஞ்ச குடும்பங்களைப் பார்த்தவங்க வேண்டாம்னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இந்த எபிசோட் அந்தத் தீர்ப்பைச் சொல்றதுக்கு இல்ல. நீங்க எந்தப் பக்கம் நின்னாலும் ஒண்ணை யோசிங்கன்னு கேக்குறேன். கள் இறக்குறதும் பதநீர் இறக்குறதும் ஒரே கை, ஒரே அரிவாள், ஒரே மரம். கலயத்துல சுண்ணாம்பு எவ்வளவு தடவணும், பாளையை எந்தக் கோணத்துல சீவணும்ங்கிற அறிவு அந்தக் கையில இருக்கு. மரம் ஏற ஆள் இல்லாமப் போனா, கள்ளை எதிர்க்கிறவங்க விரும்புற பதநீரும் கருப்பட்டியும் சேர்ந்துதான் போகும். எவியாவுல காட்டைத் தீ கொண்டுபோச்சு. இங்க தீயே வேண்டாம், யாரும் கவனிக்காம விட்டாலே போதும்.

அதனால ஒரு சின்ன வேலை குடுக்குறேன். பனங்காட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா, அவங்ககிட்ட போய், சுண்ணாம்பு எவ்வளவு தடவுவீங்க, எப்படித் தெரியும்னு கேட்டுப் போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. மலைப்பக்கம் போனா தேன் எடுக்குற பெரியவங்ககிட்ட மூங்கில்ல எதெல்லாம் வச்சாங்கன்னு கேளுங்க. பதிவு பண்ணினதை எங்களுக்கு அனுப்பினா, சொன்னவங்களோட சம்மதத்தோட அடுத்தடுத்த எபிசோடுகள்ல சேர்த்துக்கிறோம். லியுட்பிராண்ட் மாதிரி வெளியாள் வந்து முகம் சுளிச்சு எழுதுற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டியதில்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.